வலை வாங்குகிறவரையும் கேட்டுவிட்டு வரி போடுங்கள்

இறக்குமதியாகும் ரசாயனங்களுக்கு ஆன்டி டம்பிங் டியூட்டி, அதாவது பொருள் குவிப்பு தடுப்பு வரி, போடுவது குஜராத்துக்கும் மும்பைக்கும் இடையிலான விவகாரம் என்றுதான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பலரும் நினைக்கிறோம். வணிகப் பக்கத்து மூலையில் நாலு வரிச் செய்தியாக வரும். படிக்காமல் புரட்டிவிடுவோம். ஆனால் அந்த நாலு வரி குளச்சலில் வலை வாங்குகிறவர் பில்லுக்கும் வருகிறது, குலசேகரத்தில் ரப்பர் பால் உறைய வைக்கிறவர் வீட்டுக்கும் வருகிறது. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். மீன்பிடித் தொழிலிலோ ரப்பரிலோ இருப்பவர்கள் பொறுமையாகப் படித்துவிட்டுக் கருத்து சொல்லுங்கள்.

முதலில் இந்த வரி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு நாட்டுக் கம்பெனி தன் ஊரில் 100 ரூபாய்க்கு விற்கும் ரசாயனத்தை நமக்கு 75 ரூபாய்க்கு அனுப்புகிறது என்று வையுங்கள். அதனால் இங்கே அதே பொருளைத் தயாரிப்பவர் நஷ்டப்படுகிறார். அவர் டெல்லியில் வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள டிஜிடிஆர் என்ற இயக்குநரகத்தில் மனு கொடுக்கிறார். அவர்கள் விசாரித்து, விலை வித்தியாசம் உண்மை, அதனால்தான் பாதிப்பு என்று கண்டால் வரி போடப் பரிந்துரைப்பார்கள். நிதி அமைச்சகம் ஏற்றுக்கொண்டால் அரசாணை வரும். பொதுவாக 5 வருடம், மறு ஆய்வு செய்து நீட்டிக்கவும் செய்வார்கள். 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டமும் 1995-இல் வந்த விதிகளும்தான் இதற்கு அடிப்படை. இந்தியாவில் முதல் வழக்கு 1992-இல் பிவிசி பிசினுக்காக நடந்தது. இன்று உலகத்திலேயே இந்த வரியை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் நாம் முன்வரிசையில் இருக்கிறோம். அதில் ரசாயனங்களின் பங்குதான் பெரிது.

வரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொச்சி பக்கம் உத்யோகமண்டலில் ஃபாக்ட் நிறுவனத்தின் காப்ரோலாக்டம் (நைலானுக்கு மூலப்பொருளான ரசாயனம்) ஆலை சில ஆண்டுகள் ஓடாமல் கிடந்து, பிறகுதான் மறுபடி ஓடத் தொடங்கியது. உள்ளூர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடினால் நாளைக்கு வெளிநாட்டுக்காரர் சொன்னதுதான் விலை. அந்தப் பயம் நியாயமானது. என் கேள்வி வேறு. விசாரணையில் யார் பேச்சு எடுபடுகிறது?

காப்ரோலாக்டம் என்ற பெயர் நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அது நம்ம கடற்கரை முழுக்க விரிந்து கிடக்கிறது. அதிலிருந்து நைலான்-6 சிப்ஸ், சிப்ஸிலிருந்து நூல், நூலிலிருந்து வலை. இந்த வரிசையில் ஒரு படி விடாமல் பார்த்தால் விஷயம் புரியும். சில நாடுகளிலிருந்து வந்த காப்ரோலாக்டத்துக்கு ஒரு காலத்தில் இந்த வரி இருந்தது. நைலான் நூலுக்கு சீனா, தைவான் உள்ளிட்ட நாடுகளைக் குறித்துப் பல ஆண்டுகள் இருந்தது. 2018-இல் சீனாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் மீன்பிடி வலைக்கே வரி வந்தது. எல்லாம் ஒரே சமயத்தில் இருந்தது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு படியில் இருந்தது. காப்ரோலாக்டம் தயாரிப்பவர் தன் படிக்குக் கேட்டார், நூல்காரர் தன் படிக்குக் கேட்டார், வலைக்காரர் தன் படிக்குக் கேட்டார். அவரவர் கேட்டது அவரவருக்கு நியாயம்தான். கடைசிப் படியில் நிற்கும் மீனவருக்குக் கீழே வேறு படி இல்லை. கூடுதல் செலவை அவர் யார் தலையில் ஏற்றுவார்? மீன் விலையை அவரா முடிவு செய்கிறார்? காலையில் துறைமுகத்தில் ஏலம் விடும்போது என்ன விலை கிடைக்கிறதோ அதுதான்.

ஒரு வலைக்கடை பில்லை எடுத்துப் பாருங்கள். வலை கிலோ கணக்கில் போட்டிருப்பார்கள். கயிறு தனி, மிதப்பு தனி, ஈயம் தனி. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மேல்கயிறும் கீழ்கயிறும் கோத்துக் கட்டக் கூலி தனி. பாரில், அதாவது கடலடிப் பாறையில், மாட்டிக் கிழிந்தால் அதில் பாதியைக் கடலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். டால்பின் கூட்டம் வந்து வலையைக் குதறிவிட்டுப் போகும் நாளும் உண்டு. தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆட்கள் நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். செவுள் வலை போடும் படகில் ஏற்றுகிற வலையின் எடையை நினைத்துப் பாருங்கள். கிலோவுக்குப் பத்து இருபது ரூபாய் கூடினாலே மொத்தத் தொகை எங்கேயோ போய் நிற்கும். டீசல் விலை ஏறினால் மறியல் நடக்கிறது, எம்.பி. பேசுகிறார், செய்தி வருகிறது. நூல் விலை ஏறினால் கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை சண்டை போட்டுவிட்டுக் கடன் சொல்லி வாங்கிக்கொண்டு வருகிறோம்.

சரி, வரி போட்டதால் நம்ம ஊருக்கு நன்மையே இல்லையா? இருக்கிறது, அதையும் சொல்லியாகவேண்டும். நம்ம மாவட்டத்தில் வலை கம்பெனிகள் இருக்கின்றன. கடலோரக் கிராமங்களிலிருந்தும் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் பெண்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். வெளிநாட்டு வலை அடிமாட்டு விலைக்கு வந்து இறங்கினால் முதலில் நிற்பது அவர்கள் ஷிப்ட்தான். அதே கம்பெனிக்கு நூலுக்கு வரி வந்தால் நஷ்டம், வலைக்கு வரி வந்தால் லாபம். அப்பா கடலுக்குப் போகிறார், மகள் வலை கம்பெனிக்குப் போகிறாள் என்றால் அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு கணக்கு. இப்படிப்பட்ட மாவட்டத்தின் நிலைமையை டெல்லியில் இருந்துகொண்டு ஒரு கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கை மட்டும் வைத்து எடைபோட முடியாது.

இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலேயே மனதை அறுக்கிறது. ஏற்றுமதிக்காகப் பொருள் செய்பவர் அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் என்ற திட்டத்தில் மூலப்பொருளை இறக்குமதி செய்தால் இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. ஏற்றுமதி வளரவேண்டும் என்பதற்காகக் கொடுத்த சலுகை, சரிதான். விளைவு என்ன? வரி உள்ள காலத்தில் வெளிநாட்டு மீனவருக்குப் போகும் வலையின் நூலுக்கு வரி இல்லாமல் இருக்க வழி இருக்கிறது. குளச்சல்காரர் வாங்கும் வலைக்கு அந்த வழி இல்லை. நம்ம கையால் பின்னி நம்ம கடலில் விரிக்கிற வலைக்குத்தான் சுமை முழுவதும்.

இப்போது மலைப்பக்கம் வருவோம். ரப்பர் தோட்டத்தில் காலையில் வெட்டி, சிரட்டையிலிருந்து பால் எடுத்து, வடிகட்டித் தண்ணீர் சேர்த்து டிஷ்ஷில் ஊற்றிய பிறகு, அது உறைந்து ஷீட் ஆக வேண்டியது ஆசிட். ஃபார்மிக் ஆசிட். ஒரு ஷீட்டுக்குத் தேவைப்படுவது சில மில்லிதான், அதையும் நிறையத் தண்ணீரில் கலந்துதான் ஊற்றவேண்டும். அளவு சின்னது என்பதால் செலவும் சின்னதுதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். ஆனால் ஆசிட் விலை ஏறும்போதெல்லாம் நடப்பது வேறு. சிலர் மலிவான கந்தக அமிலத்துக்குப் போய்விடுகிறார்கள். ஷீட்டில் அமிலம் தங்கி நிறம் கெடுகிறது, பிசுபிசுக்கிறது, ரோலர் துருப்பிடிக்கிறது. கடையில் நாலாம் தரத்துக்குப் போகவேண்டிய ஷீட்டை ஐந்தாம் தரம் என்று ஒதுக்குகிறார்கள். கழுவிய தண்ணீர் வாழைக்கும் கிணற்றுக்கும் போகிறது. ஆசிட்டில் லிட்டருக்கு மிச்சம் பிடித்த காசு ரப்பரில் கிலோவுக்குப் பல மடங்காகப் போய்விடுகிறது. இந்த ஆசிட்டை நாட்டில் பெரிய அளவில் தயாரிப்பது குஜராத்தின் பரூச்சில் உள்ள ஜிஎன்எஃப்சி. இப்படிப் பெருமளவு உற்பத்தி ஓரிரு கம்பெனிகள் கையில் இருக்கும் பொருளில், 'உள்நாட்டுத் தொழில்' என்று விதி சொல்வது அந்த ஓரிரு கம்பெனிகளைத்தான். நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்காவது மனுவுக்கு ஆதரவாக இருக்கவேண்டும் என்பது விதி. ஓரிரு கம்பெனிகள் இருக்கும் இடத்தில் அது கையெழுத்துப் போடும் நேரத்து வேலை.

அதே விதியை ரப்பர் விவசாயி பக்கம் திருப்பி, இறக்குமதி ரப்பருக்கு வரி கேட்டு அவர் மனு போடுவதாக வைத்துப் பாருங்கள். நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு தோட்டக்காரர்கள். 50 சென்ட், ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர். கால் பங்கு உற்பத்தியின் ஆதரவைத் திரட்டி, ஒவ்வொருவரின் உற்பத்திச் செலவையும் கணக்குப் புத்தகத்தோடு காட்டுவது நடக்கிற காரியமா? மரத்தில் பால் வெட்டுகிறவருக்குக் கொடுத்த பாதிப் பங்குக்கு நம்மில் யாரிடம் ரசீது இருக்கிறது?

இங்கே நம்ம ஆட்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் கிலோ 240 ரூபாய் வரை போன ரப்பர் 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே வந்தது. அப்போது எல்லோரும் 'வெளிநாட்டு ரப்பரைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், டம்பிங் வரி போடு' என்றோம். உலகம் முழுக்க விலை விழுந்து, தாய்லாந்துக்காரர் தன் ஊரிலும் அதே விலைக்கு விற்றால், சட்டப்படி அது டம்பிங் ஆகாது. மலிவாக வருவது மட்டும் போதாது, சொந்த ஊர் விலையைவிடக் குறைத்து அனுப்பியிருக்கவேண்டும். அதனால் ரப்பருக்கு உள்ள தடுப்பு சாதாரண இறக்குமதி வரிதான். 2015-இல் அது 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது என்று ஆனது. உலக வர்த்தக அமைப்பில் நாம் கொடுத்த வாக்குப்படி உலர் ரப்பருக்கு (ஷீட் போன்றவை) 25 சதவீதத்துக்கு மேல் போகமுடியாது. அந்த வரியைச் சுற்றிக்கொண்டு காம்பவுண்ட் ரப்பர், அதாவது வேறு பொருட்கள் கலந்த ரப்பர், என்ற பெயரில் குறைந்த வரியில் வந்துகொண்டிருந்தது; அதன் வரியை 2023 பட்ஜெட்டில்தான் இயற்கை ரப்பருக்குச் சமமாக உயர்த்தினார்கள். அவ்வளவு காலம் ஆனது. இதே காலத்தில், 2017-இல், சீனாவிலிருந்து வந்த லாரி, பஸ் ரேடியல் டயருக்குப் பொருள் குவிப்பு தடுப்பு வரி வந்துவிட்டது. டயர் கம்பெனிகளுக்குச் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார்கள், ஆடிட்டர் இருக்கிறார்கள். டயருக்குள் இருக்கும் ரப்பரைக் கொடுத்தவருக்கு இது எதுவும் இல்லை.

விசாரணையில் பயனீட்டாளர் பேசவே முடியாதா என்று கேட்டால், முடியும். பொருளைப் பயன்படுத்தும் தொழில்களுக்கும், சில்லறையில் விற்கும் பொருளானால் நுகர்வோர் அமைப்புகளுக்கும் வாய்ப்பு தரவேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் நைலான் நூல் விசாரணையில் பயனீட்டாளர் என்றால் வலை கம்பெனி. வலை வாங்கும் மீனவர் ஒரு படி தள்ளி நிற்பதால் அவரைத் தேடி யாரும் வருவதில்லை. அறிவிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் வரும். பதில் கொடுக்க 30 நாள். முப்பது நாளில் ஒரு விசைப்படகுக்காரர் இரண்டு தடவை கடலுக்குப் போய் வந்திருப்பார், அறிவிப்பு வந்ததே தெரிந்திருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டம்பிங் நிரூபணமானாலும், வரி போடுவது ஒன்றியத்தின் மொத்த நலனுக்கு ஏற்றதா என்று தனியாகப் பார்த்துதான் போடவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். தயாரிப்பவர், பயன்படுத்துபவர், நுகர்வோர் எல்லோருடைய நலனையும் சேர்த்து எடைபோடவேண்டும். நம்ம சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கடந்த சில ஆண்டுகளில் டிஜிடிஆர் பரிந்துரைத்த பல வரிகளை நம்ம நிதி அமைச்சகம் ஏற்காமல் விட்டிருக்கிறது. ஆக, பொதுநலனைப் பார்க்கிறார்கள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார்கள். எதை வைத்து ஏற்றார்கள், எதை வைத்து விட்டார்கள் என்று விரிவாகச் சொல்வதில்லை. அந்தப் பரிசீலனை கதவைத் திறந்துவைத்து நடக்கவேண்டும், அது சட்டமாகவேண்டும். நம்ம எம்.பி. நாடாளுமன்றத்தில் இதைக் கேட்கவேண்டும்.

அப்புறம் பணம். இந்த வரியில் வசூலாகும் தொகை மத்திய அரசின் பொதுக் கஜானாவுக்குப் போகிறது. மீன்பிடி வலைக்கும் வலை நூலுக்கும் வசூலாகும் வரியைத் தனியாகக் கணக்குப் பார்த்து, அந்தத் தொகை அளவுக்காவது மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வலை மானியமாகத் திருப்பித் தரலாம். உள்நாட்டு ஆலையையும் காப்பாற்றலாம், மீனவரும் சுமக்கவேண்டியதில்லை. கேரளத்தில் மீனவர் கூட்டுறவு இணையமான மத்ஸ்யஃபெட் சொந்தமாக வலைத் தொழிற்சாலை நடத்தித் தன் மீனவர்களுக்கு விற்கிறது. நம்ம அரசும் அதை யோசிக்கலாம்.

நம்ம பக்கத்திலும் செய்யவேண்டியது இருக்கிறது. ரப்பர் பக்கம் அரசு ரப்பர் கழகம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. அரசு நிறுவனம், முறையான கணக்கு வைத்திருக்கிறது, ஆசிட்டும் வாங்குகிறது. ரப்பர் ரசாயனங்கள் பற்றிய விசாரணைகளில் அது ஒரு தரப்பாகப் பதிவு செய்து, சிறு விவசாயிகளின் செலவுக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். ரப்பர் வாரியமும் கொடுக்கவேண்டும். கடற்கரைப் பக்கம் விசைப்படகுச் சங்கங்களும் வள்ளத் தொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து வலை பில்களை ஒழுங்காகச் சேர்த்து வைக்கத் தொடங்கவேண்டும். எந்த வருடம் கிலோ என்ன விலை, ஒரு படகுக்கு வருடத்துக்கு எத்தனை கிலோ மாற்றவேண்டியிருக்கிறது என்று. டெல்லியில் கண்ணீர் எடுபடாது, கணக்குதான் எடுபடும். கொரோனாவுக்குப் பிறகு விசாரணைகளைக் காணொலியிலும் நடத்துகிறார்கள், எனவே ரயில் ஏறவேண்டும் என்பதும் இல்லை.

வணிகச் சட்டம் தெரிந்த வக்கீல்கள், ஆடிட்டர்கள் நம்ம மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், வெளியூரிலும் இருக்கிறீர்கள். டிஜிடிஆர் இணையதளத்தில் புதிய விசாரணை அறிவிப்பு வரும்போது நைலான், நூல், வலை, ஃபார்மிக் ஆசிட், ரப்பர் ரசாயனம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட முடியுமா? முன்வருகிறவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த மீனவர் சங்கத்து ஆட்களிடமும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்து ஆட்களிடமும் உங்களைச் சேர்த்துவிடுகிறேன்.