தீட்டிஸின் பக்கம் நின்று பார்த்தால்

கிரேக்கத் தொன்மம் என்று பேச்சு வந்தாலே தேவர்களின் அரசன் ஜீயஸின் காதல் விவகாரங்களில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எந்தப் பெண்ணுக்காக எந்த மிருகமாக மாறினான், அவன் மனைவி ஹீரா யாரைப் பழிவாங்கினாள், அவ்வளவுதான். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அந்தக் குடும்பத்தை அரித்த நோய் காமம் என்று நான் நினைக்கவில்லை. பெற்ற பிள்ளையைக் கண்டு அப்பனுக்கு வரும் பயம்தான் அந்த நோய்.

தேவர்களின் பிறப்பைப் பாடும் கிரேக்கக் கவிஞர் ஹெசியடின் ‘தியோகனி’யைப் படித்தால் இது தெளிவாகத் தெரியும். வானத்தின் தேவன் யுரேனஸ் பிள்ளைகளைப் பிறக்கப் பிறக்கப் பூமிக்குள்ளேயே அடைத்தான். மகன் க்ரோனஸ் அரிவாளெடுத்து அவன் ஆண்மையை அறுத்தான். அப்புறம் அதே க்ரோனஸ், தனக்கும் அந்தக் கதி வரும் என்று ஐந்து பிள்ளைகளை விழுங்கினான். ஆறாவதாகப் பிறந்த ஜீயஸை, பெற்ற தாய் ரியா கிரீட் தீவில் ஒளித்துவிட்டு, துணியில் சுற்றிய ஒரு கல்லைப் புருஷனிடம் நீட்டினாள். அப்படித் தப்பிப் பிழைத்த ஜீயஸ் என்ன செய்தான்? கர்ப்பமாயிருந்த மனைவி மீட்டிஸையே விழுங்கினான்.

இந்தப் பயத்துக்கு அதிக விலை கொடுத்தவள் கடல் தேவதை தீட்டிஸ். ஜீயஸும் கடல் தேவன் பொசைடனும் அவளை விரும்பினார்கள். அவளுக்குப் பிறக்கும் மகன் தகப்பனை மிஞ்சுவான் என்று ஒரு வாக்கு வந்தது, கிரேக்கக் கவிஞர் பிண்டார் பாடியிருக்கிறார். உடனே இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். சாகப் பிறந்த மனிதன் பீலியஸுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். மகன் அப்பனை மிஞ்சினாலும் மனிதன்தானே, தேவர்கள் வாழும் ஒலிம்பஸுக்கு என்ன ஆபத்து?

இந்த பீலியஸ் யார் தெரியுமா? ஜீயஸின் மகன் ஈயகஸ், அவன் மகன் பீலியஸ். தான் ஆசைப்பட்ட பெண்ணைச் சொந்தப் பேரனுக்கே கொடுத்திருக்கிறான் ஜீயஸ். அவர்களுக்குப் பிறந்த அக்கிலீஸுக்கு ஜீயஸ் கொள்ளுத்தாத்தா. அந்தக் கொள்ளுத்தாத்தாவின் சிம்மாசனம் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அக்கிலீஸ் சாகிறவனாகப் பிறந்தான். ட்ராய் போரில் அக்கிலீஸின் கோபத்தைப் பாடும் ஹோமரின் இலியட்டை இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு என்னால் வேறு மாதிரி படிக்க முடியவில்லை. (அக்கிலீஸுக்குக் குதிகாலில் மட்டும்தான் காயம் படும் என்ற கதையை எதிர்பார்த்து இலியட்டைத் திறக்காதீர்கள், ஹோமரில் அது கிடையாது. தீட்டிஸ் அவனை பாதாள நதி ஸ்டிக்ஸில் முக்கியெடுத்த கதை நமக்குக் கிடைப்பது பல நூற்றாண்டுகள் கழித்து, ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்.)

இலியட்டின் பதினெட்டாம் காண்டத்தில், மகனுக்குக் கவசம் கேட்டு தீட்டிஸ் தேவர்களின் கொல்லன் ஹெஃபீஸ்டஸின் பட்டறைக்குப் போகிறாள். கால் ஊனம் என்பதால் பெற்ற தாய் ஹீராவே அவனை வானிலிருந்து தள்ளிவிட்டாள். விழுந்தவனை ஒன்பது வருடம் கடலுக்குள் வைத்துக் காப்பாற்றியவர்கள் தீட்டிஸும் இன்னொரு கடல் தேவதை யூரினோமியும். அவனிடம்தான் அவள் மனம்விட்டு அழுகிறாள். விருப்பமே இல்லாமல் ஒரு மனிதனோடு வாழ வைத்தான் ஜீயஸ், அந்தக் கணவனோ இன்று மூப்பில் தளர்ந்து கிடக்கிறான், மகனும் வீடு திரும்பப் போவதில்லை என்கிறாள்.

ஜீயஸுக்குப் பிள்ளைப்பாசம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தன் மகன் சர்ப்பிடான் போர்க்களத்தில் சாகப்போகும்போது காப்பாற்றிவிடலாமா என்று தடுமாறுகிறான். நீ உன் மகனைக் காப்பாற்றினால் மற்றத் தேவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றக் கிளம்புவார்கள் என்று ஹீரா தடுக்கிறாள். அவன் அடங்கிப்போகிறான். ரத்தத்துளிகள் மழையாக விழுகின்றன. உறக்கமும் மரணமும் சேர்ந்து சர்ப்பிடானின் உடலை அவன் நாடான லிசியாவுக்குத் தூக்கிப் போகிறார்கள். சுமார் கி.மு. 515-இல் கிரேக்க ஓவியன் யூஃப்ரோனியோஸ் ஒரு மண்பாண்டத்தில் இந்தக் காட்சியைத் தீட்டினான். நியூயார்க்கில் பல வருடம் இருந்துவிட்டு 2008-இல் அது இத்தாலி திரும்பியது. அதன் படத்தைத் தேடிப் பாருங்கள். சர்ப்பிடானின் உடம்பிலிருந்து ரத்தம் இன்னும் வழிந்துகொண்டிருக்கும்.

கடைசிக் காண்டத்தில் ட்ராய் மன்னன் பிரையம், தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸின் கையை முத்தமிட்டு, உன் அப்பாவை நினைத்துப் பார் என்கிறான். எல்லோரும் கொண்டாடும் இடம் அது, சரிதான். எனக்கு அதற்குச் சற்று முன்னால் வரும் இடம்தான் தொண்டையை அடைக்கும். ஜீயஸ் கூப்பிட்டான் என்று தீட்டிஸ் கன்னங்கரிய முக்காடு போட்டுக்கொண்டு ஒலிம்பஸுக்குப் போகிறாள். ஹீரா பொற்கிண்ணத்தில் குடிக்கக் கொடுத்து ஆறுதல் சொல்கிறாள். குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள். உன் மனதில் ஆறாத துயரம் இருப்பது எனக்கும் தெரியும் என்கிறான் ஜீயஸ். அவள் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. ஹெக்டரின் உடலைக் கொடுத்துவிடு என்று மகனிடம் சொல்லக் கீழே இறங்கிப் போகிறாள்.