ஹாப்ஸ் தலையணையும் வைத்தியத்துல விட்டுப்போன பாதியும்

தூக்கம் வரலைன்னு யாராவது வாயத் தொறந்தா போதும், ஹாப்ஸ் டீ குடிங்க, வலேரியன்னு ஒரு செடியோட வேர்ல செஞ்ச கேப்சூல் போடுங்க, நேச்சுரல்தானே ஒண்ணும் பண்ணாதுன்னு ஆளாளுக்கு சொல்ல ஆரம்பிச்சிடறாங்க. எனக்கு இந்த மூலிகைங்க மேல நெஜமாவே பெரிய மரியாதை உண்டு, அதனாலதான் அந்த ‘ஒண்ணும் பண்ணாது’ங்கறத கேட்டா கோவம் வருது. உடம்ப ஒண்ணும் பண்ணாத பொருள் தூக்கத்த மட்டும் எப்படிங்க குடுக்கும்?

ஹாப்ஸ்னா பீருக்கு கசப்பு தர்ற கொடின்னுதான் முக்காவாசி பேருக்குத் தெரியும். கஞ்சாச்செடியோட குடும்பம்தான், ஆனா கஞ்சாவுல இருக்கற போதைச் சரக்கு இதுல கெடையாது. பெண்கொடியில பச்சையா கூம்பு கூம்பா வர்ற பூவத்தான் மருந்துக்கு எடுப்பாங்க. அத கையில வச்சு இதழ் இதழா பிரிச்சா ஒவ்வொரு இதழோட அடியிலயும் மஞ்சளா ஒரு பொடி இருக்கும், விரல்ல பட்டா பிசுபிசுன்னு ஒட்டிக்கும், வாசம் சட்டுனு மூக்குல ஏறும். லூபுலின்னு பேரு, கசப்பு வாசம் மருந்துன்னு எல்லாமே அதுக்குள்ளதான். ஜெர்மனியில ஹாலர்டாவ், இங்கிலாந்துல கென்ட் இங்கெல்லாம் காலங்காலமா இதுதான் விவசாயம். பறிக்கப் போறவங்களுக்கு கண்ணு சொக்கிக்கிட்டு வரும்னு ஒரு பேச்சு இருந்துச்சு, காய்ஞ்ச பூவ துணியில தைச்சு தலைக்கு வச்சுப் படுக்கற பழக்கமும் அதோட சேர்ந்து வந்ததுதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, பூவ காயவச்சு வச்சிருக்க வச்சிருக்க அதோட கசப்பு அமிலம் சிதைஞ்சு மெத்தில் பியூட்டெனால்னு ஆவியாகற பொருள் ஒண்ணு உண்டாகுது, எலிங்களுக்கு குடுத்துப் பாத்தப்ப அது மயக்கம் தந்திருக்கு. அப்போ காய்ஞ்ச பூவ தலைமாட்டுல வச்சவங்க சும்மா வைக்கல. ஆனா ரொம்ப பழசாயிட்டா பூ பிரவுனாகி பழைய சீஸ் நாத்தம் அடிக்கும், அத வாங்கக்கூடாது. வலேரியன் வேருலயும் அதே நாத்தம்தான், ரெண்டுத்துலயும் ஐசோவலேரிக் அமிலம், ஆனா வேருக்கு அந்த வாடை சகஜம், ஹாப்ஸுக்கு அது கெட்டுப்போனதோட அடையாளம். இந்த வித்தியாசமெல்லாம் கையில எடுத்துப் பாத்து மோந்து பாத்தாதான் தெரியும், கேப்சூலுக்குள்ள அடைச்சு வித்தா எங்க தெரியப்போகுது?

இன்னொண்ணு. 12ஆம் நூற்றாண்டுல ஜெர்மனியில இருந்த கன்னியாஸ்திரி ஹில்டெகார்ட், ஹாப்ஸ் மனுஷனுக்கு துக்கத்த ஜாஸ்தி பண்ணும்னு எழுதி வச்சிருக்காங்க. பின்னாடி வந்த மூலிகை வைத்தியர்களும் மனச்சோர்வுல இருக்கறவங்களுக்கு இத குடுக்காதீங்கன்னே சொல்லியிருக்காங்க. பாருங்க, யாருக்கு ஆகாதுங்கறதையும் சேர்த்துதான் பாரம்பரியம் சொல்லிக் குடுத்துச்சு, இப்போ டப்பாவுல ‘பாரம்பரிய மூலிகை’ன்னு பெருசா போடறவங்க அந்தப் பாதிய மட்டும் கத்தரிச்சிட்டாங்க. என் கோவம் முழுக்க அங்கதான்.

ஐரோப்பிய மருந்துகள் முகமை ஹாப்ஸ ‘பாரம்பரியப் பயன்பாடு’ங்கற கணக்குல ஒத்துக்கிட்டிருக்கு, லேசான மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும். அதுக்கு அர்த்தம் குறைஞ்சது 30 வருஷம் புழக்கத்துல இருந்திருக்கு, அதுல 15 வருஷமாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளங்கறது, சோதனை நடத்தி நிரூபிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. வலேரியனோட சேர்த்துக் குடுத்தப்ப சில ஆய்வுகள்ல கொஞ்சம் பலன் தெரிஞ்சிருக்கு, தனியா ஹாப்ஸுக்கு ஆதாரம் கம்மிதான். மாசக்கணக்கா தூக்கம் இல்லாதவங்களுக்கு வலேரியன் வேணாம்னு அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2017ல சொல்லிடுச்சு. என்னைக் கேட்டா, ஏதோ ஒரு நாள் மனசு படபடன்னு இருக்கற ராத்திரிக்கு ஒரு கப் ஹாப்ஸ் டீயோ லெமன் பாம்னு எலுமிச்சை வாசம் அடிக்கற இலையில போட்ட டீயோ அருமையான விஷயம், அடுப்ப பத்தவச்சு தண்ணி கொதிக்க வச்சு செல்போன ஓரமா வச்சிட்டு உக்காந்து குடிக்கறதே பாதி வைத்தியம். பீர்லயும் ஹாப்ஸ் இருக்கேன்னு அந்தப் பக்கம் போகாதீங்க, ஆல்கஹால் முதல்ல தூங்க வச்சிட்டு பின்ராத்திரி தூக்கத்த கலைச்சு விட்டுடும்.

தூக்க மாத்திரை போடறவங்க அதுமேல ஹாப்ஸோ வலேரியனோ சேர்த்தா மயக்கம் அதிகமாகும், காலையில வண்டி ஓட்டறவங்க நெனச்சுப் பாருங்க. ஹாப்ஸ்ல ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யற பொருள் இருக்கு, அதனால அந்த ஹார்மோன் சம்பந்தப்பட்ட மார்பகப் புற்றுநோய் வந்தவங்க டாக்டரைக் கேக்காம தொடவேணாம். மனசுக்கு நல்லதுன்னு சொல்ற செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கற மூலிகை கருத்தடை மாத்திரையோட வீரியத்தையே கொறைச்சிடும். சீமைச் சாமந்தி டீ கூட அந்தக் குடும்பத்துப் பூங்க அலர்ஜியா இருக்கறவங்களுக்கு ஆகாது. வீட்டுல நாய் இருந்தா ஹாப்ஸ தரையில விட்டு வைக்காதீங்க, தின்னா உடம்புச் சூடு தாறுமாறா ஏறி உயிருக்கே ஆபத்தாயிடும்.

ரெண்டு வாரம் குடிச்சும் தூக்கம் வரலைன்னா இன்னொரு மூலிகைய தேடாம டாக்டர்கிட்ட போங்க. வேற என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு அவங்க கேக்கறப்போ இந்த டீ, கேப்சூல், எண்ணெய் எல்லாத்தையும் விடாம சொல்லுங்க, முடிஞ்சா டப்பாவையே கையோட எடுத்துட்டுப் போய் காட்டுங்க.