காடையின் ரத்தக் கழிச்சலுக்குப் புழு மருந்து உதவாது

காடையின் எச்சத்தில் ரத்தம் கண்டால் குடற்புழு மருந்து கொடுக்கச் சொல்வதுண்டு; அது தவறு. ரத்தக் கழிச்சல் பெரும்பாலும் ஐமீரியா என்ற ஓரணு ஒட்டுண்ணியின் வேலை. ஆல்பெண்டசோல் போன்ற புழு மருந்து அதை ஒன்றும் செய்யாது. இறந்த காடையை அறுத்துப் பாருங்கள். குருட்டுக்குடல் (சிறுகுடல் முடியும் இடத்தில் பை போலப் பிரியும் குடல்) இரண்டும் உப்பி, உள்ளே ரத்தமோ தயிர்க்கட்டி மாதிரி கசடோ இருந்தால் முதல் சந்தேகம் ஐமீரியாதான்.

ஐமீரியாவுக்கான மருந்து ஆம்ப்ரோலியம். அதன் 20 சதவீதத் தூளைக் குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் 5 நாள், பிறகு 0.3 கிராமாக ஒரு வாரம் தரலாம். அந்த நாட்களில் வைட்டமின் பி1 கலந்த டானிக் கூடவே கூடாது. ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே ஒட்டுண்ணிக்கு அந்தச் சத்து கிடைக்காமல் தடுத்துத்தான். (கடைக்காரர் இரண்டையும் சேர்த்தே கட்டிக் கொடுப்பார்!)

கல்லீரலில் மஞ்சள் திட்டுகளும் குடலில் வட்டப் புண்களும் தெரிந்தால் கதை வேறு. ஐமீரியா அரித்த குடலில் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா எளிதில் தொற்றி, ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போய்விடும். அதற்கு ஆம்ப்ரோலியம் போதாது. கால்நடை மருத்துவர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக் வேண்டும்.

தரையில் பரப்பிய கூளம் ஈரமாக இருந்தால் அதில் ஐமீரியா முட்டை ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும், பினாயிலுக்கும் அசையாது. தண்ணீர்க் குவளையைச் சுற்றியுள்ள கூளத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள்.