‘ஓனர் ரிஸ்க்’ போர்டு இருந்தால் ஒர்க்‌ஷாப்புக்குப் பொறுப்பே இல்லையா?

‘ரிப்பேருக்கு விட்ட கார் திருடுபோனாலும் ஒர்க்‌ஷாப்பைக் கேட்க முடியாது, சுவரில் ஓனர் ரிஸ்க் (எது நடந்தாலும் வண்டிக்காரரே பொறுப்பு) என்று எழுதியிருந்தால் போதும்’ என்று தர்மபுரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

சாவியைக் கொடுத்து வண்டியை விட்டாலே அது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி ஒப்படைப்பு (bailment), அதாவது ஒரு வேலைக்காகப் பொருளைக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்குவது. தன் சொந்தப் பொருளை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்தக் கவனம் மெக்கானிக்குக்கும் வேண்டும் (பிரிவு 151). ராத்திரி சேலம் ரோட்டோரம் சாவியோடு நிறுத்திவிட்டுப் போனால் போர்டு காப்பாற்றாது. ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்த கார் திருடுபோன வழக்கில், அந்த வாசகத்தைக் காட்டி ஓட்டல் தன் அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உரிய கவனத்தோடு இருந்தும் வெள்ளத்தில் மூழ்கினால் கதை வேறு.

‘பில் கட்டாவிட்டாலும் வண்டியைத் தந்தாக வேண்டும்’ என்கிறது அதே செய்தி. அதுவும் தப்பு. சொன்ன வேலையை முடித்திருந்தால், கூலி வரும்வரை வைத்துக்கொள்ள பிரிவு 170 இடம் தருகிறது. வேறொரு வண்டியின் பழைய பாக்கிக்காக அல்ல.

வண்டியை விடும்போது கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, பின் பம்பரில் ஏற்கெனவே இருக்கும் கீறல் எல்லாவற்றையும் ஜாப் கார்டில் (ஒர்க்‌ஷாப் தரும் வேலைச் சீட்டில்) எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள்.