டிம்ஸ்டேல் மேல் இருந்த இரக்கம் தீர்ந்துவிட்டது

கல்லூரியில் அமெரிக்க இலக்கியத் தாளுக்காக 'தி ஸ்கார்லெட் லெட்டர்' படித்தபோது போதகர் டிம்ஸ்டேலுக்காகக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருத்தி. தேர்விலும் அவரைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினேன்: மனசாட்சியின் சித்திரவதை, அகப் போராட்டம், இத்யாதி. போன மாதம் அதே நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். முடித்தபோது அந்த மனிதர் மேல் எரிச்சல்தான் மிஞ்சியது. ஏன் என்று எழுதிவைக்கத் தோன்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நதானியல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட நாவல். களம் 1640களின் பாஸ்டன், பியூரிட்டன்கள் (மத ஒழுக்கத்தில் மிகக் கறாரான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள்) ஆண்ட ஊர். பின்னால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிய கணவரிடமிருந்து இரண்டு வருடமாகத் தகவலே இல்லாத ஹெஸ்டர் பிரின் ஒரு குழந்தை பெறுகிறாள். கைக்குழந்தையோடு அவளை மூன்று மணி நேரம் சந்தைவெளி மேடையில் நிறுத்துகிறார்கள். மார்பில் 'ஏ' என்ற சிவப்புத் துணி எழுத்து, ஆயுள் முழுக்க. அது எந்தச் சொல்லின் முதலெழுத்து என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை: 'அடல்ட்டரி', திருமணத்துக்கு வெளியேயான உறவு. தகப்பன் யார் என்று கேட்கிறார்கள், வாய் திறக்க மறுக்கிறாள். கேட்பவர்களில் ஒருவர்தான் ஊரே கொண்டாடும் இளம் போதகர் டிம்ஸ்டேல். தகப்பனும் அவரேதான்.

அந்த இடத்தில் அவர் பேசுவதைக் கவனியுங்கள். அவன்மேல் இரக்கப்பட்டு மறைக்காதே, உயர்ந்த இடத்திலிருந்து அவன் இறங்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை, பெயரைச் சொல் என்று அவளிடம் கெஞ்சுகிறார். கல்லூரியில் இதை வேதனை என்று படித்தேன். இப்போது எனக்குக் கேட்பது வேறு: நான் செய்ய வேண்டியதை நீ செய்துவிடு, பழி என் வாயால் வர வேண்டாம். மேடையில் நிற்பவள் அவள். பக்கத்தில் போய் நிற்க அவருக்கு நாலு படி ஏற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த ஏழு வருடம் அவர் சும்மா இருக்கவில்லை. உபவாசம், கண் விழித்து ஜெபம், அறைக்குள் பூட்டிவைத்த சாட்டையால் தன்னைத்தானே அடித்துக்கொள்வது. பிரசங்க பீடத்தில் நின்று, நான் பாவிகளிலெல்லாம் படுபாவி என்று சபையாரிடம் சொல்லவும் செய்கிறார். அவர்கள் என்ன செய்கிறார்கள்? இவ்வளவு வெண்மையான ஆத்மாவிலேயே இத்தனை பாவம் தெரிகிறதென்றால் நம் கதி என்ன என்று உருகி, முன்னைவிட அதிகமாக வணங்குகிறார்கள். இப்படித்தான் நடக்கும் என்பது அவருக்கும் தெரியும். உண்மையையே சொல்லி அதைப் பச்சைப் பொய்யாக மாற்றிவிட்டார் என்கிறார் ஹாதார்ன். அந்த ஒரு பக்கத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம். (மேடையில் 'அடியேன் வெறும் தூசு' என்று சொல்பவரிடம் 'ஆமாங்க, தூசுதான்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.)

அப்புறம் 12ஆம் அத்தியாயம். ஊர் தூங்கும் நடுநிசியில் டிம்ஸ்டேல் அதே மேடையில் ஏறி நிற்கிறார். கவர்னர் ஒருவர் இறந்த வீட்டிலிருந்து திரும்பும் ஹெஸ்டரையும் குழந்தை பெர்லையும் மேலே கூப்பிடுகிறார். மூவரும் கைகோத்து நிற்கிறார்கள். குழந்தை கேட்கிறாள்: நாளை மத்தியானம் என்னோடும் அம்மாவோடும் இங்கே நிற்பீர்களா? நாளைக்கு இல்லை, வேறொரு நாள் என்கிறார். எந்த நாள்? நியாயத்தீர்ப்பு நாளில்! பெர்ல் சிரிக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது எனக்குப் புரிய இத்தனை வருடம் ஆயிருக்கிறது. அவருடைய வேதனை நிஜம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேதனையால் ஹெஸ்டருக்கோ பெர்லுக்கோ கால் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. சாட்டையடி அவர் முதுகோடு முடிந்துபோகிறது.

ஹெஸ்டரைப் புனிதவதி ஆக்க நான் வரவில்லை. அவளிடமும் ஒரு பொய் இருக்கிறது. காணாமல் போன கணவர் அவள் மேடையில் நின்ற அதே நாளில் வந்து சேர்கிறார், சில்லிங்வொர்த் என்று பெயரை மாற்றிக்கொள்கிறார், மருத்துவராக டிம்ஸ்டேலோடு ஒட்டிக்கொண்டு அவர் மனதைக் குடைகிறார். யாரென்று வெளியே சொல்லக்கூடாது என்று ஹெஸ்டரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவளும் ஏழு வருடம் அதைக் காப்பாற்றுகிறாள். பிறகு காட்டுக்குள் டிம்ஸ்டேலைச் சந்தித்து, அவரே கேட்காதபோது, தானாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறாள். தங்கள் உறவுக்காக அவள் மன்னிப்புக் கேட்பதில்லை. நாம் செய்ததற்கும் அதற்கே உரிய ஒரு புனிதம் இருந்தது என்றுதான் சொல்கிறாள். எந்தச் செயலால் இன்னொரு மனிதருக்குக் கெடுதல் நேர்ந்ததோ, அதற்காக மட்டும் தலை குனிகிறாள். அதற்கு அவர் சொல்லும் முதல் பதில்: இதற்கெல்லாம் நீதான் பொறுப்பு, உன்னை என்னால் மன்னிக்க முடியாது! சொல்பவர் யார் பாருங்கள். பிறகு மன்னிக்கிறார், சரி.

கடைசியில் அறிக்கை செய்கிறாரே என்பீர்கள். செய்கிறார். வாழ்நாளின் மிகச் சிறந்த பிரசங்கத்தை முடித்து, ஊரே புகழ்ந்து நிற்கும் நேரத்தில் மேடை ஏறி, நெஞ்சைத் திறந்து காட்டி, அங்கேயே உயிரை விடுகிறார். மறுநாள் காலையில் சந்தைக்குப் போக வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஹெஸ்டர் அந்த மறுநாளில்தான் ஏழு வருடம் வாழ்ந்தாள். கூட்டத்தில் சிலர் அந்த அறிக்கையைக்கூட நம்பவில்லை. மனிதரின் நீதியெல்லாம் வீண் என்று காட்டத்தான் மகான் இப்படிச் செத்தார் என்று அதற்கும் விளக்கம் கண்டுபிடித்தார்கள்.

இந்த விஷயம் ஹாதார்னுக்குச் சொந்தக் கதை. 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனிய வழக்குகளில் 19 பேரைத் தூக்கிலிட்டார்களே, அந்த நீதிபதிகளில் ஒருவர் அவருடைய முன்னோர் ஜான் ஹாதார்ன். என் முன்னோர்களுக்காக நான் வெட்கத்தை ஏற்கிறேன் என்று நாவலின் முகப்புக் கட்டுரையிலேயே எழுதுகிறார். அதே நீதிமன்றத்தில் இருந்த இன்னொருவர் சாமுவேல் சூவல். 1697 ஜனவரியில் பாஸ்டன் தேவாலயத்தில் சபை நடுவே எழுந்து நின்றார். பழியையும் வெட்கத்தையும் ஏற்கிறேன் என்ற அவருடைய கடிதத்தைப் போதகர் எல்லார் முன்னிலையிலும் வாசித்தார். அதற்குப் பிறகு அதே ஊரில், அதே முகங்களுக்கு நடுவில், 1730வரை வாழ்ந்தார். 1700இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரமும் போட்டார். அதில் இன்றைக்கு ஏற்க முடியாத வரிகளும் உண்டு. ஆனாலும் அவருடைய உறுத்தல் முதுகில் அடித்துக்கொள்வதோடு நிற்கவில்லை.

உறுத்தல் இருப்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிடுவதில்லை என்பதற்கு மார்க் ட்வைன் நாவலில் வரும் சிறுவன் ஹக் ஃபின் போதும். தப்பி ஓடிய அடிமை ஜிம்முக்கு உதவுவது பாவம் என்று அந்தப் பையன் மனதார நம்புகிறான், ஏனென்றால் ஊர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஜிம் இருக்குமிடத்தைச் சொல்லி உரிமையாளருக்குக் கடிதம் எழுதியதும் பாவமெல்லாம் கழுவிவிட்டதுபோல் இருக்கிறது அவனுக்கு. பிறகு ஆற்றில் ஜிம்மோடு மிதந்து வந்த இரவுகள் நினைவுக்கு வருகின்றன. 'சரி, அப்படின்னா நான் நரகத்துக்கே போறேன்' என்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறான். மனசாட்சி சொன்னபடி நடந்திருந்தால் ஜிம்மைக் காட்டிக்கொடுத்திருப்பான்.

ஹெஸ்டர் மகளோடு கடல் கடந்து போய்விடுகிறாள். பெர்லுக்குச் சொத்து கிடைக்கிறது, நல்ல வாழ்க்கையும் அமைகிறது. அதற்குப் பிறகு ஹெஸ்டர் தனியாகத் திரும்பி வந்து, அதே குடிசையைத் திறந்து, யாரும் கட்டாயப்படுத்தாமலே அந்த எழுத்தை மறுபடி குத்திக்கொள்கிறாள். மனம் உடைந்த பெண்கள் அந்தக் கதவைத் தேடி வந்து ஆலோசனை கேட்கிறார்கள். தன்னைத் தண்டித்துக்கொள்ளத்தான் திரும்பினாள் என்று ஒரு வாசிப்பு உண்டு. எனக்கு அது பிடிபடவில்லை. இளம் வயதில் ஊர் அவள்மேல் குத்தியதை இப்போது அவளே தன் கையால் எடுத்து வைத்துக்கொள்கிறாள். ஊசி அவள் கையில் இருக்கிறது.

டிம்ஸ்டேலுக்கு வக்காலத்து வாங்கக் கமெண்ட்டில் வருபவர்கள் தாராளமாக வாருங்கள். பெர்ல் சிரிக்கும் அந்த இடத்தை மட்டும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.