நாய்க்குட்டி விளம்பரத்தில் பதிவு எண் எங்கே?

சேலத்தில் நாய்க்குட்டி வாங்குவோரில் பலர் இப்போது கடைக்குப் போவதில்லை. "லேப் குட்டி, 35 நாள், முதல் ஊசி போட்டாச்சு, பஸ்ஸில் அனுப்பப்படும்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வருகிறது. முன்பணம் அனுப்பினால், நான்கு பக்கமும் துளையிட்ட அட்டைப்பெட்டியில் குட்டி பேருந்து நிலையத்தில் வந்து இறங்கிவிடுகிறது. அந்த விளம்பரமே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெட்டையை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. எந்தப் பெட்டையும் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈனக் கூடாது. இத்தொழில் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

அந்த 8 வாரம் வெறும் சம்பிரதாயக் கணக்கு அன்று. தாயையும் உடன்பிறந்தவற்றையும் விட்டு முன்னதாகப் பிரித்த குட்டிக்கு எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பது தெரிவதில்லை என்பது ஒருபுறம் இருக்க, தாய்ப்பாலால் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வரும் நாட்களில்தான் அதைப் பெட்டியில் அடைத்துப் பயணம் அனுப்புகிறார்கள். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் கிருமி உடலில் புகுந்து சில நாட்கள் கழித்தே வாந்தியும் இரத்தப் பேதியும் தொடங்கும் என்பதால், "எங்களிடம் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது" என்று விற்றவர் சொல்லிவிட முடிகிறது. கையில் இருக்கும் தடுப்பூசிப் புத்தகத்தைத் திறந்தால் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஒட்டி மட்டும் இருக்கும். மருத்துவரின் கையெழுத்தோ, பதிவு எண்ணோ, முத்திரையோ இராது.

"பேப்பர் இருக்கிறது" என்பார்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான கென்னல் கிளப் தரும் அந்தச் சான்றிதழ் குட்டியின் வம்சாவளியைச் சொல்லும்; அதன் தாய் எவ்வளவு பெரிய கூண்டில் கிடந்தது, எத்தனையாவது ஈற்று என்பதைப் பற்றி எந்த உறுதியும் தராது. வாரியப் பதிவு வேறு, இது வேறு. வாங்குவோரின் இந்தக் குழப்பம் விற்பவருக்கு வசதியாகப் போய்விட்டது.

அயோத்தியாப்பட்டணம் பக்கமோ கொண்டலாம்பட்டிப் பக்கமோ ஒரு வீட்டின் பின்கட்டில் தகரக் கொட்டகைக்குள் பத்துப் பெட்டைகள் இருந்தால், அதை எந்த அதிகாரியாலும் தெருத்தெருவாகத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் விற்கிறவர் ஒளிந்துகொள்ள முடியாது. அவரது கைபேசி எண் ஊருக்கே தெரிந்தால்தான் வியாபாரம் நடக்கும். ஆகவே கண்காணிப்பைக் கூண்டிலிருந்து அல்ல, விளம்பரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. பதிவு எண் இல்லாத விளம்பரமே குற்றம் என்று ஆக்கிவிட்டால், கால்நடைப் பராமரிப்புத் துறையின் ஓர் ஊழியர் மேசையில் அமர்ந்தபடியே பாதி வேலையை முடித்துவிடலாம். இங்கிலாந்தில் 2020 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர் விற்கத் தடை இருக்கிறது. வளர்ப்பவரிடம் நேரில் போய், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க முடியும். பேருந்துப் பெட்டி வியாபாரத்துக்கு அதுவே சரியான மருந்து.

சிறு வளர்ப்பாளர்கள் நசுங்கிவிடுவார்கள் என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. நாட்டு இனமான சிப்பிப்பாறையில் ஒரே ஒரு பெட்டையை வைத்திருக்கும் விவசாயியையும் மாதந்தோறும் குட்டி விற்பவரையும் ஒரே பதிவுக் கட்டணத்தில் நிறுத்துவது தவறு. முன்னவருக்குக் கட்டணமே வேண்டாம், எண் மட்டும் போதும்.

2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை ஹஸ்கி, பக் உள்ளிட்ட இனங்களை நம் வெயிலுக்கு ஒவ்வாதவை என்றது. விவகாரம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. சேலத்துச் சித்திரை வெயிலில் ஹஸ்கி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த அக்கறை புரியும். ஆனாலும் பேச்சு முழுவதும் எந்த இனம் கூடாது என்பதிலேயே நின்றுவிட்டது எனக்கு வருத்தம்தான். கூண்டுக்குள் ஓயாமல் ஈனும் ராஜபாளையத்துப் பெட்டைக்கு அந்தப் பட்டியலால் என்ன பயன்?

தண்டனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அட்டைப்பெட்டிக்கான பேருந்துக் கட்டணம்கூட அதைவிட அதிகம்.

சட்டத் திருத்தம் டெல்லியில் நடக்க வேண்டியது. சேலத்தில் செய்யக்கூடியதும் உண்டு. தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பதிவு பெற்ற இடங்களை ஆய்வு செய்ய அதன் ஆசிரியர்களையும் இறுதியாண்டு மாணவர்களையும் துணைக்கு அழைக்கலாம். ஏற்காடு கோடை விழாவின் நாய்க் கண்காட்சியில் பதிவு பெற்ற வளர்ப்பாளர்களின் பட்டியலை ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். அதற்கு முன்பாக, சேலம் மாவட்டத்தில் பதிவு பெற்றவர்கள் எத்தனை பேர், இதுவரை எத்தனை இடங்கள் ஆய்வு செய்யப்பட்டன என்ற இரண்டு கேள்விகளை எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கப் போகிறேன். உடன் கையெழுத்திட விரும்புவோர் கீழே பெயரைக் குறிப்பிடுங்கள்.