ஒற்றைக் கண் திறந்த பொம்மை

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு அட்டைப்பெட்டியின் அடியில் அக்காவின் பொம்மை கிடைத்தது. படுக்க வைத்தால் கண்ணை மூடும், தூக்கி நிறுத்தினால் திறக்கும், அந்த ரகம். ஒவ்வொரு கண்ணுக்குப் பின்னாலும் தலைக்குள் ஒரு சின்ன எடை இருக்கும். பொம்மை சாயும்போது எடையும் சாய்ந்து இமையை இறக்கிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். தூக்கி நிறுத்தினேன். வலது கண் மெதுவாகத் திறந்தது. இடது கண் திறக்கவில்லை, துரு ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இடது கையும் இல்லை. தோளில் வட்டமாக ஒரு ஓட்டை, உள்ளே இருட்டு.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு கேமராவை எடுக்கப் போனேன்.

எனக்கு இது பழைய பைத்தியம். ஆளில்லாத வீட்டின் படிக்கட்டில் சக்கரம் கழன்ற கார், குப்பைமேட்டில் குப்புறக் கிடக்கும் கரடி பொம்மை, எதைப் பார்த்தாலும் கால் நின்றுவிடும். அதே குப்பைமேட்டில் உடைந்த நாற்காலியும் கிடக்கும், ஓட்டை வாளியும் கிடக்கும். யாரும் வாளியைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்வதில்லை. பொம்மைக்கு மட்டும் சொல்கிறோம்.

பொம்மைக்கு முகம் இருக்கிறது, அதனால்தான் என்பார்கள். பாதி சரி. இரண்டு புள்ளியும் அடியில் ஒரு கோடும் இருந்தால் போதும், ப்ளக் பாயிண்டில்கூட நமக்கு முகம் தெரியும். ஆனால் ஒற்றைச் சக்கரம் மட்டும் கிடந்தாலும் நான் நிற்கிறேனே? அதில் ஏது முகம்?

எனக்கு ஓரளவு பதில் கிடைத்தது டொனால்ட் வின்னிகாட்டிடம். பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர். 1951-இல் ஒரு கட்டுரை வாசித்தார். குழந்தை எந்நேரமும் கட்டிக்கொண்டு திரியும் கந்தல் துணி, கரடி பொம்மை போன்றவற்றைப் பற்றியது. துவைக்கக்கூட விடாது அந்தக் குழந்தை. துவைத்தால் வாசனை போய்விடும், அப்புறம் அது வேறு பொருள். இதெல்லாம் வீட்டில் குழந்தை இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பொருளைக் குழந்தை மறப்பதும் இல்லை, அதற்காகத் துக்கப்படுவதும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அதன் அர்த்தம் மட்டும் வடிந்துவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். உங்கள் பொம்மையோடு கடைசியாக விளையாடிய நாள் நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. அன்றைக்கு அது கடைசி நாள் என்று எனக்கும் தெரியாது, பொம்மைக்கும் தெரியாது. ஜப்பானில் பழைய பொம்மைகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய் நன்றி சொல்லி வழியனுப்பும் சடங்கு இருக்கிறது, நிங்யோ குயோ என்று பெயர். சடங்கே இல்லாமல் பிரிந்துபோன என்னைப் போன்ற ஆட்களுக்குக் கேமராதான் மிச்சம். அழாமல் விட்ட பாக்கியை முப்பது வருடம் கழித்து, யாரோ ஒருவருடைய பொம்மையின் முன்னால் உட்கார்ந்து தீர்க்கிறோம்.

சரி, பாக்கியைத் தீர்ப்பதென்றால் ஒழுங்காகத் தீர்க்க வேண்டாமா? இங்கேதான் இந்த வகைப் படங்கள் எடுப்பவர்களோடு எனக்குத் தகராறு.

பொம்மை இரண்டு விதமாகப் பழசாகிறது. ஒன்று, வெயிலும் மழையும் செய்வது. பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த பொம்மை வளைந்து கொடுப்பதற்காக அதில் ஒரு மென்மையாக்கியைக் கலந்திருப்பார்கள். வருடங்கள் போகப் போக அது கசிந்து மேலே வரும். பழைய பொம்மையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுவது அதனால்தான். அந்தப் பிசுக்கில் தூசி படிந்து முகம் கறுத்துவிடும். கரடிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு மாவாக உதிரும். பழைய பார்பிகள் சிலவற்றில் செம்பு கலந்த காதணி குத்திய இடம் பச்சையாகிவிடும். இதையெல்லாம் செய்ய எந்தக் குழந்தையும் வேண்டியதில்லை, காலம் போதும்.

இன்னொன்று கை செய்வது. கரடியின் ஒரு காது மட்டும் வழுவழுவென்று மொட்டையாக இருக்கும், தூங்கும்போது விரல் அங்கேதான் போயிருக்கும். காரின் முன்பக்கம் மட்டும் பெயிண்ட் போயிருக்கும், சுவரில் எத்தனை தடவை மோதியதோ. பொம்மையின் தலைமுடியில் ஒரு பக்கம் மட்டும் ஒட்ட வெட்டியிருக்கும், கத்தரிக்கோல் கையில் கிடைத்த அன்று யாரோ முடிதிருத்துபவர் ஆகியிருக்கிறார்கள். இவை சிதைவல்ல. ஒரு குழந்தையின் கையெழுத்து.

என்னைக் கேட்டால் இழுப்பு முழுக்க இரண்டாவதில்தான் இருக்கிறது. இதற்கு என்னிடம் ஒரு நல்ல சோதனை உண்டு. 1997 பிப்ரவரி 13 அன்று டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பலைப் பெரிய அலை ஒன்று அடித்து, கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. ஒன்றில் ஏறக்குறைய 48 லட்சம் லெகோ விளையாட்டுத் துண்டுகள். குட்டி ஆக்டோபஸ், டிராகன் எல்லாம் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் பல வருடங்களாக ஒதுங்கிக்கொண்டே இருக்கின்றன. படம் எடுத்தால் பிரமாதமாக இருக்கும். மணல், கடற்பாசி, நடுவில் ஒரு டிராகன். ஆனால் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைப்பதில்லை. எந்தக் குழந்தையும் அவற்றைத் தொட்டதே இல்லையே. வியப்பு வருகிறது, கடல் மாசை நினைத்துக் கவலை வருகிறது, பிரிவு மட்டும் வரவில்லை.

ஆனால் இணையத்தில் ஓடுவதெல்லாம் முதல் வகைப் படம்தான். கண் பிடுங்கிய பொம்மை, விரிசல் விட்ட கன்னம், மேலே ஒரு நீல ஃபில்டர். பேய்ப்பட போஸ்டர். கண் இல்லாவிட்டால் பயமாக இருக்கிறது, சரி. அந்தப் பயத்துக்குள் போக எந்த வழியும் இல்லையே.

இதைவிட மோசம், ஏற்பாடு செய்வது. செர்னோபில் அணு உலை விபத்துக்கு மறுநாள், 1986 ஏப்ரல் 27 மதியம், பிரிப்யாத் நகரத்தில் சுமார் 49,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றினார்கள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்று நாளுக்கு யார் எல்லாப் பொம்மைகளையும் தூக்கிப் போவார்கள்? கட்டிலில், தரையில், அலமாரியில், விட்ட இடத்தில் விட்டுப் போனார்கள். இதைவிடக் கனமான காட்சி ஒரு புகைப்படக்காரருக்கு எங்கே கிடைக்கும்? அங்கே போனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பொம்மைக்கு வாயு முகமூடி மாட்டிவிட்டார்கள். ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நகர்த்தி வைத்தார்கள். ஒருவர் வைத்துவிட்டுப் போனதை அடுத்து வந்தவர் "அப்படியே கிடந்தது" என்று எடுத்துப் போனார்.

கொஞ்சம் நகர்த்தினால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்கலாம். 1936-இல் ஆர்தர் ராத்ஸ்டீன் அமெரிக்க அரசுக்காக வறட்சியைப் படமெடுத்தபோது, தெற்கு டகோடாவில் ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி தள்ளி வைத்து எடுத்தார். வறட்சி நிஜம், மண்டையோடும் நிஜம். விஷயம் வெளியே வந்ததும் எதிர்ப்பாளர்கள் எல்லாமே போலி என்று பிடித்துக்கொண்டார்கள். 2006 லெபனான் போரில் பென் கர்ட்டிஸ் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், குண்டு விழுந்த இடத்தில் கிடந்த மிக்கி மவுஸ் பொம்மையை எடுத்தார். தான் தொடவே இல்லை என்றார். இருந்தும் பொம்மையைக் கொண்டுவந்து போட்டிருப்பாரோ என்று சந்தேகப்பட்டார்கள். எவனோ நகர்த்துவதற்கு எவனோ பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் என் விதி இதுதான்: பொம்மையை நகர்த்தாதே, நீ நகரு. தரையில் வயிற்றை வைத்துப் படு. குழந்தை அந்தக் காரைப் பார்த்தது அந்த உயரத்தில் இருந்துதான். ஃப்ளாஷ் வேண்டாம். பக்கவாட்டில் வெளிச்சம் வரும்வரை காத்திரு, அப்போதுதான் தேய்ந்த இடம் தெரியும்.

இவ்வளவு பேசுகிற நான் அக்கா பொம்மையை எப்படி எடுத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பரணின் சின்ன ஜன்னல் வெளிச்சத்தில், திறந்த கண்ணில் மட்டும் ஃபோகஸ். தோளை நிழலில் விட்டேன். ஓட்டையைச் சுற்றி ஏதோ பழுப்புக் கறை, அசிங்கமாக இருந்தது. "கைவிடப்பட்டவள்" என்று தலைப்பு வைத்து இணையத்தில் போட்டேன். அரை மணி நேரத்தில் அக்கா போன்.

"டேய், யாருடா கைவிட்டது?"

"கையே இல்லையேக்கா அதுக்கு."

"பிடுங்கினவனே நீதான். ஊசி போடறேன்னு இழுத்தே. நான் அழுதுட்டே பிளாஸ்திரி போட்டு ஒட்டி வெச்சேன். வருஷக்கணக்கா அப்படித்தான் இருந்தா. தோள்ல பாரு, பசை இருக்கும்."

லேப்டாப்பில் பெரிதாக்கி, நிழலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றி இருந்த பழுப்புக் கறை நேரான ஓரங்களோடு இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நான்கு பட்டை, ஒவ்வொன்றும் பிளாஸ்திரி அகலம்.

தலைப்பை எடுத்துவிட்டேன். வேறென்ன வைக்கட்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம். அந்த இடது கண்ணைத் துரு அது இதுன்னு எழுதி வைக்காதே. அது வாங்கின நாள்லேர்ந்தே அப்படித்தான். லேசா ஊதினா திறக்கும்."

ஊதினேன். பாதி திறந்தது.